விருந்தறைக்கு இறங்கிய கட்டில்

மிலோயேயின் வீட்டில் இருந்த அறைகளிலேயே நல்ல அறை கீழ்த்தளத்தில்தான் இருந்தது. தெற்கு பார்த்த ஜன்னல்கள், நல்ல கணப்பு, ஒட்டினாற்போல் குளியலறை, ஏறி இறங்கப் படி ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த அறையில் யாரும் ஒரு நாளும் படுத்ததில்லை. உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. நவம்பரில் புனிதர் திமித்ரியின் நாள் வரும்போது மட்டும் பூட்டைத் திறப்பார்கள். அது அவர்கள் குடும்பத்து ஸ்லாவா. அப்பனிடமிருந்து மகனுக்கு வீட்டோடு சேர்ந்து வருகிற புனிதர் அவர். அன்றைக்கு அந்த அறையில் நீள மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து வைப்பார்கள். மறுநாள் கூட்டித் துடைத்து மறுபடி பூட்டிவிடுவார்கள்.

அந்த ஒரு நாளுக்காக, எண்பதைத் தாண்டிய மனிதர் மற்ற நாளெல்லாம் மாடி ஏறிப் போய்ப் படுத்தார். ஏப்ரலில் அந்த மாடிப்படியிலேயே உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆணி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் மறுபடி அதே படியில்தான் ஏறினார், முன்னால் கைப்பிடிக் கம்பி, பின்னால் மனைவி. இதில் பைத்தியக்காரத்தனம் ஏதும் இருப்பதாக அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. திரஸ்தெனிக் ஊரில் எந்த வீட்டைத் திறந்தாலும் பூட்டிவைத்த விருந்தறை ஒன்று இருக்கும்.

மூத்த மகள் கோர்தானாவுக்கு மட்டும் தோன்றியது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள், ஒலிபெருக்கியில் ஊரே கேட்கும் குரல் அவளுடையது. கணவனை விலக்கி வருஷங்களாகிவிட்டன. நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா விழுந்த நாளிலிருந்து அவள் மனத்தில் ஒரு ஏற்பாடு ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலை விருந்தறைக்கு இறக்குவது, தான் வாடகை வீட்டைக் காலி செய்து மாடிக்கு வந்துவிடுவது, தன் வேலை நேரத்தில் எதிர் வீட்டுக் கோசனாவைத் துணைக்கு வைப்பது. கோசனா முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள், தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஏற்பாட்டில் குறையே இல்லை. அப்பாவும் அம்மாவும்தான் குறை.

“விருந்தறையில கட்டிலா? நான் செத்த பிறகு என்னைக் கிடத்த வேணா அந்த ரூமைத் தொற” என்றார் மிலோயே. கோசனாவின் பெயரை எடுத்தாலே அம்மா லெபோசாவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “என் அடுப்படியில அடுத்தவ கை வைக்கிறதா? எனக்குக் கண்ணுதான் போச்சு, மானம் போகல.”

கண் போனது உண்மைதான். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. அவள் சமைத்தது கணவரின் கண்ணை வைத்து. அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “இடது பக்கம், இன்னும் இடது, அது சர்க்கரைடி, கீழ வை” என்று கத்துவார். “கத்தாதீங்க, கண்ணுதான் தெரியல, காது நல்லாத்தான் கேக்குது” என்று அவள் திருப்பிக் கத்துவாள். அவருக்கு எது வேண்டுமானாலும் அவள்தான் எழுந்து போய் எடுத்துவர வேண்டும். சூப்பு மேசைக்கு வந்து சேர்வதற்குள் இருவருக்கும் தொண்டை வறண்டுவிடும். ஆனாலும் சூப்பு வந்து சேர்ந்துவிடும்.

தம்பி நெபோய்ஷாவிடம் வேறொரு ஏற்பாடு இருந்தது. வியன்னாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன் அவன். பழைய வீட்டின் மேல் இந்த மாடி எழும்பியது அவன் சம்பாத்தியத்தில், அவன் கையால்தான். அப்பா விழுந்த செய்தி கேட்டு ஒரே மூச்சில் வண்டி ஓட்டி வந்தவன், அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவைக் கண்ட காட்சியிலிருந்து மீளவே இல்லை. இப்போது ஸ்லாவாவுக்கு வருகிறேன் என்று சொல்லி முந்தின நாள் வந்து இறங்கினான். கோர்தானாவும் அம்மாவும் சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் உட்காராமல் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான்.

“திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. மலைமேல இருக்கே அந்த முதியோர் இல்லம், அதுல ரெண்டு ரூம் கெடச்சிருக்கு. பளிச்சுன்னு இருக்கு. நர்சு எப்பவும் இருப்பாங்க.”

“ரெண்டு ரூம் எதுக்கு?” என்றாள் அம்மா. “உங்கப்பா குறட்டையை இத்தனை வருஷம் சகிச்சாச்சு, இன்னும் கொஞ்சம் சகிச்சுக்கறேன்.”

நெபோய்ஷா கார் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “நடக்கமுடியாதவங்க கீழ் மாடி, நடக்கிறவங்க மேல் மாடி. அங்க அப்படித்தான் வச்சிருக்காங்க. லிஃப்ட் இருக்கும்மா. எப்ப வேணா இறங்கி வந்து அப்பாவைப் பாக்கலாம்.”

லெபோசாவாவின் கையில் இருந்த இலை அப்படியே நின்றது. “லிஃப்டுல எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு எனக்கு யாருடா சொல்லுவா?”

இருவரையும் இரண்டு மாடியில் வைத்தால் அப்பா நாற்காலியோடு முடிந்துபோவார், அம்மா சுவரோடு முடிந்துபோவாள். அது கோர்தானாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

“நீ கேக்காம எப்படிடா ரூம் போட்டே?” என்று சீறினாள்.

“கேட்டா யாரு ஒத்துக்குவா? நீ ஏப்ரல்ல இருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கே. என்ன கெடச்சுது உனக்கு? ஒரு கட்டிலை இறக்க முடிஞ்சுதா உன்னால?” அவன் குரல் உடைந்தது. “ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் நெஞ்சு அடைக்குதுக்கா. சாரத்து மேல நின்னுக்கிட்டு போனை எடுக்கவே பயமா இருக்கு.”

நாற்காலியில் இருந்த மிலோயே மேசையில் ஓங்கித் தட்டினார். மாவுக் கிண்ணம் துள்ளியது.

“நாளைக்கு என் ஸ்லாவா. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த வீட்டுத் தலைவன் ஸ்லாவா அன்னைக்கு உக்காந்து எவனும் பாத்ததில்ல. வர்றவன் உக்காரணும், தலைவன் நின்னு ஊத்தணும். நாளைக்கும் அப்படித்தான். பாதிரியார் வந்ததுலருந்து கடைசி விருந்தாளி வாசல் தாண்டுற வரைக்கும் தலைவன் உக்காரமாட்டான். உக்காந்தா, திங்கக்கிழமை வாயைத் திறக்காம உன் வண்டியில ஏறிக்கறேன். உக்காரலேன்னா, இந்த இல்லம் கில்லம் பேச்சை இந்த வீட்டுல மறுபடி எடுக்கக்கூடாது. கையைக் குடு.”

“அப்பா, வேண்டாம்!” என்றாள் கோர்தானா.

நெபோய்ஷா அப்பாவின் இடுப்பைப் பார்த்தான். சமையலறையைத் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் பிடித்து நிற்கிற ஆள். அவன் கையைக் கொடுத்தான். கிழவர் அதைக் குலுக்கியபோது ஏதோ மாட்டுச்சந்தையில் பேரம் முடித்தவர் போல் முகம் மலர்ந்தது. கோர்தானாவுக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது. தன்னிடம் இருந்த நல்ல ஏற்பாட்டை விட்டுவிட்டு, ஒரு கிழவரின் இடுப்பு எலும்பை வைத்துச் சூதாடுகிறார்களே என்று நினைத்தாள். பேசிப் பயனில்லை. கோஸ் இலைகளைச் சட்டியில் அழுத்தி அடுக்கினாள்.

மறுநாள் காலையில் மிலோயே கறுப்புக் கோட்டு போட்டு, கைத்தடியைப் படுக்கையறையிலேயே விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிவந்தார். விருந்தறை திறந்திருந்தது. புனிதரின் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி, கோதுமைப் பொங்கல், சிவப்பு ஒயின், லெபோசாவா தடவித் தடவியே பின்னல் வைத்துச் சுட்ட ஸ்லாவா ரொட்டி. பாதிரியார் திஹோமிர் வருவதற்கு முன்பே தெருவாசிகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாள் தெரிந்தவர்கள் வருவார்கள், தெரியாதவர்களைத் தெரிந்தவர்கள் கூட்டிவருவார்கள். பந்தயச் செய்தி எப்படியோ பரவியிருந்தது. வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் தலைகாட்டுகிறவர்கள்கூடக் காலையிலேயே நல்ல இடம் பிடித்துவிட்டார்கள். எதிர் வீட்டுக் கோசனா ஒரு கேக்கோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

“என்ன மிலோயே அண்ணே, இன்னைக்கு எங்களை எப்பப் போகச் சொல்றீங்க?” என்று ஒருவர் சீண்டினார்.

“ராத்திரி தங்குங்க, எனக்கென்ன?” என்றார் மிலோயே. நெற்றியில் அதற்குள் வேர்த்திருந்தது.

பாதிரியார் வந்தார். தூபம் போட்டார், வாழ்ந்தவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும் பெயர் சொல்லி வேண்டினார். பிறகு குடும்பத்தார் எல்லோரும் ரொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார்கள். கோர்தானா அப்பாவுக்கு அடுத்து நின்றாள். அவருடைய வலது முழங்கால் கால்சட்டைக்குள்ளேயே நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவர் ரொட்டியைப் பிடிக்கவில்லை, ரொட்டி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சூப்பே வரவில்லை. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இவர் விழப்போகிறார் என்று நினைத்தாள். எல்லோர் முன்னாலும் விழப்போகிறார், அதன் பிறகு யார் தடுத்தாலும் திங்கட்கிழமை வந்துவிடும்.

பாதிரியார் ரொட்டியின் அடியில் சிலுவையாகக் கீறி, ஒயின் ஊற்றி, மிலோயேயோடு சேர்ந்து அதை இரண்டாகப் பிட்டார். பாதி மிலோயேயின் கையில் இருந்தது. அவர் அதை முத்தமிட்டார். மேசையில் வைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

அப்பன் தன் பாதி ரொட்டியை இன்னொருவர் கையில் கொடுத்தால் ஸ்லாவா கைமாறியது என்று அர்த்தம். வீடு, புனிதர், தலைமை எல்லாம் அதோடு போகும். அது மகனுக்குப் போவதுதான் வழக்கம். அறை மொத்தமும் மூச்சுவிடாமல் பார்த்தது. நெபோய்ஷாவின் கைகள் தாமாகவே முன்னால் நீண்டன.

மிலோயே அந்தக் கைகளைத் தாண்டி ரொட்டியை மகளிடம் நீட்டினார். “பிடி, கோர்தா. இனிமே நீதான் தலைவர்.”

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ரொட்டி அவள் கையில் இருந்தது. ஒயின் சொட்டி அவள் ரவிக்கைக் கையை நனைத்தது. மிலோயே கைக்குக் கிடைத்த முதல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, பொத்தென்று உட்கார்ந்து, கால்களை நீட்டினார்.

“அப்பாடா! நான் இப்ப விருந்தாளி. எனக்கு ஒரு குவளை ராக்கியாச் சாராயம் ஊத்துங்க யாராவது.”

கூரையே பறந்துவிடும் போல் சிரிப்பு. மேசையில் கரண்டியால் தட்டினார்கள். லெபோசாவா, “என்ன ஆச்சு? விழுந்துட்டாரா?” என்று பதறி, கோசனா காதில் விஷயத்தைச் சொன்னதும், “அட திருட்டுக் கெழவா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெபோய்ஷாவின் காது மடல்கள் சிவந்துவிட்டன. “இது ஏமாத்து வேலை! சாமி, நீங்க சொல்லுங்க. பொண்ணுக்கு எப்படி ஸ்லாவா குடுக்கலாம்?”

பாதிரியார் திஹோமிர் தாடியைத் தடவினார். “குடுக்கறது வழக்கமில்லதான். குடுக்கக்கூடாதுன்னு நான் எங்கயும் படிச்சதில்லப்பா.”

“மகன் நான் இங்க நிக்கறேனே!”

“இங்கதான் நிக்கறே” என்றார் மிலோயே. “வியன்னாவுல நீ என்ன பண்ணினே? புனிதரை வசதியா சனிக்கிழமைக்கு மாத்தி வச்சே. மண்டபம் பிடிச்சு, சப்ளையர் பரிமாற, நீ கழுத்துல துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்து தின்னே. போட்டோ நீயே அனுப்பினே. உக்காந்து திங்கறவனுக்கு எதுக்குடா தலைமை?”

மறுபடி சிரிப்பு. நெபோய்ஷா சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு அவன் கேட்ட கேள்வியில் கோபம் இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் தைத்தது.

“சரி, ஜெயிச்சிட்டீங்க. இன்னைக்கு ராத்திரி அந்தப் படியில எப்படி ஏறுவீங்கப்பா?”

மிலோயே ராக்கியாக் குவளையைப் பார்த்தார். ஜெயித்த மனிதரின் முகம் மெல்ல வாடியது. கோர்தானா அதைப் பார்த்தாள். அவள் உள்ளே இரண்டு உணர்ச்சிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெருமை. பெண்ணாய்ப் பிறந்து, எந்த ஸ்லாவாவிலும் தட்டு கழுவியே பழகிய கையில் இந்த ரொட்டி. இன்னொன்று கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் பந்தயத்தில் ஜெயிக்க நான்தான் கிடைத்தேனா? இரண்டும் சேர்ந்து தொண்டைக்கு வந்தபோது, அது பேருந்து நிலையக் குரலாகவே வந்தது.

“நான் இன்னும் ஒத்துக்கல.”

கடைசி நாற்காலி வரை கேட்டது.

“ரொட்டியை வாங்கினது கை. வாய் இன்னும் சரின்னு சொல்லல. நான் தலைவர்னா நான் சொல்றதைக் கேக்கணும். கேக்கறதா இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா இந்த ரொட்டியை இப்பவே அப்பா கையில திருப்பிக் குடுக்கறேன். அவர் எந்திரிச்சு நிக்கட்டும், கடைசி ஆள் போற வரைக்கும்.”

மிலோயே சட்டென்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். “சொல்லும்மா, சொல்லு. கேக்கறேன்.”

“கட்டில் இந்த ரூமுக்கு வருது. இன்னைக்கே.”

“ஐயோ!” என்றாள் லெபோசாவா. “விருந்தறையிலயா? அடுத்த வருஷம் வர்றவங்க எங்கடி உக்காருவாங்க?”

“கட்டில் மேல.”

“புனிதர் படத்துக்கு முன்னாடியா இவர் பேண்ட்டைக் கழட்டுவாரு?”

“புனிதர் திமித்ரி பட்டாளத்துக்காரரும்மா” என்றார் பாதிரியார். “அதெல்லாம் அவருக்குப் பழக்கம்.”

லெபோசாவா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். ஆனால் விடவில்லை. “கல்யாணமாகி வந்த நாள்லருந்து இந்த ரூமைக் காப்பாத்தி வச்சிருக்கேன். ஒரு கறை படவிடல.”

“ரூமைக் காப்பாத்தினே. அப்பா இடுப்பு போச்சு” என்றாள் கோர்தானா. சொன்ன பிறகு, தான் பேசியது அதிகம் என்று பட்டது. குரலைத் தாழ்த்தினாள். “அம்மா, வீட்டுல நல்ல ரூம் இது. நல்லதை நீங்க ரெண்டு பேரும் அனுபவிக்காம வேற யாருக்கு வச்சிருக்கே?”

அம்மாவின் பார்வையில்லாத கண்கள் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திரும்பின. பிறகு, “ஜன்னல் பக்கம் எனக்கு” என்றாள்.

அறையில் யாரோ கைதட்டினார்கள். கோர்தானா நிறுத்தவில்லை. நிறுத்தினால் இந்த நாள் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரலிலிருந்து கெஞ்சியதற்கெல்லாம் தனித்தனியாக ‘முடியாது’ வாங்கிக்கொண்டவள், இப்போது தெருவையே சாட்சிக்கு உட்காரவைத்துக் கேட்டாள்.

“நான் மாடிக்குக் குடி வர்றேன். நான் வேலைக்குப் போற நேரமெல்லாம் கோசனா இங்க இருப்பா.”

“என் அடுப்படி...” என்று ஆரம்பித்தாள் லெபோசாவா.

“லெபோசாவாக்கா,” என்றாள் கோசனா, ஓரத்திலிருந்து, “உங்க உப்பு டப்பாவை நான் ஒரு அங்குலம் நகத்தினேன்னா என்னைத் துடைப்பத்தால அடிச்சு விரட்டுங்க. சமையல் நீங்கதான். சர்க்கரை எது உப்பு எதுன்னு சொல்ல, கத்தாத ஆள் ஒருத்தி இருந்தா நல்லதுதானே?”

“அவர் கத்தறது எனக்குப் பழகிப்போச்சு.”

“அவர் கத்தட்டும். நான் கூட இருக்கேன்.”

லெபோசாவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது சம்மதம்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“அப்பா. ஆஸ்பத்திரியில குடுத்த நடைவண்டி எங்க?”

மிலோயே கூரையைப் பார்த்தார்.

“கொட்டகையில இருக்கு. வெங்காயம் காயப்போட்டு வச்சிருக்கீங்க அதுல. நாளைக்குக் காலையிலருந்து அதைப் பிடிச்சுத்தான் நடக்கறீங்க. தெருவுலயும்.”

“தெருவுலயா? ஆளுங்க பாப்பாங்களே!”

“இப்பவே எல்லாரும் பாத்துட்டாங்க” என்றார் சீண்டிய அதே ஆள். “கூச்சப்பட மிச்சம் ஒண்ணுமில்ல அண்ணே.”

கோர்தானா தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரம் அது இல்லை.

“ஆகஸ்ட் முழுக்க நீ இங்க. ஜனவரியில, நம்ம பழைய காலண்டர்ப்படி கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் நீ இங்க. அப்ப நான் இருக்கமாட்டேன்.”

“நீ எங்கே போவே?”

“ஆகஸ்டுல கடலுக்கு. ஜனவரியில எங்கயாவது படுத்துத் தூங்க. நான் மனுஷிடா, பேருந்து இல்ல. எனக்கும் ஓய்வு வேணும். இல்லேன்னா ரெண்டு வருஷத்துல எனக்கும் இங்க ஒரு கட்டில் போடவேண்டி வரும்.”

“ஆள் வச்சுக்கோக்கா. எவ்வளவு ஆனாலும் நான் அனுப்பறேன்.”

“பணம் வந்து அப்பா முதுகைத் தேய்க்காது. நீ வந்து தேய்.” அவள் ஒரு மூச்சு விட்டாள். “இன்னொண்ணு. ஒரு நாள் வரலாம், நம்ம யாராலயும் இவங்களைத் தூக்கமுடியாத நாள். அன்னைக்கு இல்லம்தான்னா இல்லம்தான். நானே கூட்டிப்போவேன். ஆனா ஒரே மாடி, ஒரே ரூம், ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஒரு ஜாண் இடம். அப்படி ஒரு இடத்தை இப்பலருந்தே தேடி வை. அது உன் வேலை. சம்மதமா?”

நெபோய்ஷா அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் கை மேசைமேல் ஊர்ந்து கணவரின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்திருந்தது. அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“கட்டிலை எங்க போடணும்?”

அப்போது எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுத் தெருவில் போன நாய்கள் குரைத்தன. மிலோயே மட்டும் கையை உயர்த்தினார். “இன்னைக்கு நல்ல நாள்டா. ஸ்லாவா அன்னைக்கு ஒரு வேலையும் செய்யக்கூடாது. கட்டில் தூக்கறது வேலை.”

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்த பன்றியிறைச்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார். “பைபிள்ல, ஓய்வு நாள்ல முடவனைக் கட்டிலைத் தூக்கிட்டு நடக்கச் சொன்னவரே நம்ம ஆண்டவர்தான். அவருக்கு ஆட்சேபணை இல்லாத விஷயத்துல எனக்கென்ன?”

பிறகு அந்த வீட்டில் நடந்தது திரஸ்தெனிக் அதுவரை காணாத ஸ்லாவா. நல்ல சட்டை போட்ட ஆண்கள் அரை டஜன் பேர் வாயில் கேக்கோடு மாடிக்கு ஓடினார்கள். அது வாதுமை மரத்துப் பழைய இரட்டைக் கட்டில். படித் திருப்பத்தில் வந்து சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

“எந்த மடையன் கட்டின திருப்பம் இது?” என்று அடியில் மாட்டிக்கொண்டவர் அலறினார்.

“நான்தான்” என்றான் மேலே இருந்து நெபோய்ஷா.

அதன் பிறகு சிரிப்பில் யாருக்கும் கை வலுக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். நெபோய்ஷாவும் சிரித்தான், வந்து இறங்கியதிலிருந்து முதல் தடவையாக. சாரம் கட்டுகிறவனின் மூளை பிறகுதான் வேலை செய்தது. கால்மாட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னான், தலைமாட்டைச் செங்குத்தாக நிமிர்த்தினான், தோளைக் கொடுத்தான். சட்டையின் முதுகுத் தையல் பர்ரென்று விட்டது. கட்டில் இறங்கியது.

மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். லெபோசாவா நடுவில் நின்று வெளிச்சத்தை வைத்தே திசை சொன்னாள். “இன்னும் ஜன்னல் பக்கம். இன்னும். ஆங், சூடு முகத்துல படுது, அங்கயே.” மிலோயே நாற்காலியிலிருந்து அவளுக்குப் போட்டியாகக் கத்தினார். விரிப்பு விரித்ததும் இருவரையும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இடமில்லாத விருந்தாளிகள் கால்மாட்டில் தட்டோடு உட்கார்ந்தார்கள். மெத்தையில் சூப்பு சிந்தியது. லெபோசாவாவுக்கு அது தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

கோர்தானா நின்றாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள், பரிமாறினாள், வருகிறவர்களை வாசலில் வரவேற்றாள். முதலில் கொஞ்சம் தயங்கிய தெருக் கிழவர்கள்கூட அவள் முன் குவளையைத் தூக்கி, “தலைவர் நல்லா இருக்கணும்” என்றார்கள். கால் கடுத்தது. ஆனால் இந்த அறையில் தான் இவ்வளவு உயரமாக நின்றதே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மகிழ்ச்சியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே இறைச்சி வெட்டினாள்.

மத்தியானம் சாயும் நேரத்தில் நெபோய்ஷா அவள் பக்கத்தில் வந்து நின்றான். சட்டையின் கிழிசலில் முதுகு தெரிந்தது. கைபேசியை எடுத்து எண்ணைத் தட்டினான். அறையில் இரைச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினான்.

“வணக்கம்மா. திங்கக்கிழமைக்கு ரெண்டு ரூம் சொல்லி வச்சிருந்தேன். மிலோயே, லெபோசாவா பேர்ல. ஆமா. வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ரெண்டும் வேண்டாம்.”

மறுமுனையில் இருந்தவளின் குரல் தணிந்து, குழைந்து, இரக்கமாகி ஏதோ சொல்லத் தொடங்கியது. அங்கே இப்படி ரத்து செய்கிறவர்கள் வழக்கமாக என்ன காரணம் சொல்வார்கள் என்று கோர்தானாவுக்கு உடனே விளங்கியது. நெபோய்ஷாவுக்கும் விளங்கியது. அவன் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தான். அங்கே போர்வையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை ஆரம்பமாகியிருந்தது.

“ஐயையோ, இல்லம்மா” என்றான் அவன், அறை முழுக்கக் கேட்கும்படி. “அனுதாபமெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்காங்க. சத்தம் கேக்குதா? அவங்கதான்.”

அவன் கைபேசியை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தான்.